பழைய 650க்கு இரட்டை லீடிங் ஷூ: முன் பிரேக் வேலைக் குறிப்புகள்

முன் பிரேக் லீவர் கைப்பிடியைத் தொட்டுவிட்டது. வண்டி இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. வளைவு திரும்பியதும் சாலையை அடைத்துக்கொண்டு ஒரு லாரி நின்றது. பயத்தில் பின் பிரேக்கை ஓங்கி மிதித்தேன். பின்சக்கரம் பூட்டிக்கொண்டு இடமும் வலமும் அலைந்தது. லாரியின் பின்பலகைக்கு இரண்டு முழம் இருக்கும்போது வண்டி நின்றது. வீட்டுக்கு வந்து சேரும்வரை 30 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகவில்லை. அன்று இரவே முன்சக்கரத்தைக் கழற்றிவிட்டேன்.

வண்டி 1966இல் செய்த பிரிட்டிஷ் 650 சிசி மோட்டார் சைக்கிள், இரட்டை சிலிண்டர். முன்னால் 8 அங்குல டிரம், அதாவது 203 மில்லிமீட்டர். அந்தக் காலத்தில் பெரும்பாலான வண்டிகளில் இருந்ததைப் போல ஒரே ஒரு லீடிங் ஷூ. வண்டியும் நானும் சேர்ந்து 250 கிலோ வருவோம். 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது அந்த எடைக்குள் இருக்கும் இயக்க ஆற்றல் ஏறக்குறைய 62,000 ஜூல். 40இல் போனால் அதில் கால்பங்குதான். வேகம் இரட்டிப்பானால் பிரேக்கின் வேலை நான்கு மடங்காகிறது. அந்த ஆற்றல் முழுவதும் சில நொடிகளில், ஷூவின் மேல் ஒட்டிய உராய்வுப் பட்டையான லைனருக்கும் டிரம்முக்கும் நடுவே சூடாக மாறியாக வேண்டும். பிரேக் போடும்போது எடை முன்னால் சாய்வதால் பின்சக்கரம் அதிகம் உதவ முடியாது. லாரிக்குப் பின்னால் எனக்குப் புரிந்தது அதுதான்.

டிரம் பிரேக்கில் லீடிங் ஷூ என்றால் என்ன என்பதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்த வேலை முழுவதும் அதைச் சுற்றித்தான். சக்கரத்தோடு சுற்றும் டிரம்மின் உட்சுவரில் போய் அழுந்தும் வளைந்த துண்டுதான் ஷூ. அதன் ஒரு முனை அச்சில் நிற்கும், மறுமுனையைக் கேம் என்ற திரும்பும் துண்டு தள்ளும். டிரம் சுற்றும் திசையில் பார்த்தால், கேம் தள்ளும் முனை முதலில் வந்து அச்சு முனை பின்னால் இருந்தால் அது லீடிங் ஷூ. லைனர் டிரம்மைத் தொட்டதும் உராய்வு அந்த ஷூவை டிரம்முக்குள் மேலும் இழுத்து அழுத்தும். நாம் கொடுத்த விசையைவிட அதிகமாக அது பிடிக்கும். எதிர்ப்பக்கத்து ஷூவில் கதை தலைகீழ்: அதே உராய்வு ஷூவை டிரம்மிலிருந்து விலக்கப் பார்க்கும். அதை டிரெய்லிங் ஷூ என்கிறோம். சாதாரண டிரம்மில் இரண்டு ஷூவுக்கும் ஒரே கேம் என்பதால் ஒன்று லீடிங், மற்றது டிரெய்லிங். வேலையில் பெரும்பங்கை ஒரு ஷூவே செய்கிறது. என் டிரம்மைத் திறந்தபோது அது கண்ணுக்குத் தெரிந்தது: ஒரு லைனர் பாதி தேய்ந்து கண்ணாடி போல மினுங்கியது, மற்றது கிட்டத்தட்ட புதுசாக இருந்தது.

ஷூவுக்கு ஒரு கேம் என்று கொடுத்து, ஒவ்வொன்றுக்கும் எதிரெதிர் முனையில் அச்சு வைத்தால் இரண்டுமே லீடிங் ஆகிவிடும். ட்ரையம்ப் 1968இல் தன் 650களின் 8 அங்குல டிரம்முக்கு, ஷூக்களைத் தாங்கும் அப்படி ஒரு பிளேட்டைக் கொடுத்தது. மறுவருடமே ஹோண்டா சிபி750 முன்னால் ஹைட்ராலிக் டிஸ்க்கோடு வந்துவிட்டது, டிரம்மின் காலமும் மெல்ல முடிந்தது. நானும் டிஸ்க் போட்டிருக்கலாம். ஆனால் அதற்கு ஹப், ஃபோர்க் கால், ஹேண்டிலில் மாஸ்டர் சிலிண்டர் எல்லாம் மாற வேண்டும். வண்டியின் முகமே மாறிவிடும். என் வேலையில் ஒரு நிபந்தனை வைத்துக்கொண்டேன்: கழற்றும் எதையும் தூக்கி எறியக் கூடாது, என்றைக்கும் பழைய நிலைக்குத் திருப்பிவிடக்கூடியதாக இருக்க வேண்டும். அதனால் டிரம் அப்படியே, பிளேட் மட்டும் இரட்டை லீடிங் ஷூ.

பழைய ஷூக்களைத் தொடுவதற்கு முன் ஒரு எச்சரிக்கை. அந்தக் காலத்து லைனர்களில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்தது. டிரம்முக்குள் இருக்கும் கறுப்புத் தூளைக் காற்றடித்து ஊதுவதும் உலர்ந்த பிரஷ்ஷால் தட்டுவதும் நுரையீரலுக்கு ஆபத்து. நான் மூக்குக் கவசம் போட்டுக்கொண்டு, சோப்புத் தண்ணீர் தெளித்து, ஈரத் துணியால் துடைத்து, துணியையும் பழைய ஷூக்களையும் இரட்டைப் பையில் கட்டி வைத்தேன். இதில் அவசரப்பட வேண்டாம்.

புதிய பிளேட், இரண்டு ஷூ, கேம்கள், இரண்டு கேமையும் இணைக்கும் கம்பி எல்லாம் ஒரே பெட்டியில் வந்தன. ஒரு மாலையில் பொருத்திவிட்டேன். மறுநாள் காலை, ஆள் நடமாட்டமில்லாத நேரான தார்ச்சாலையில் சுண்ணாம்பால் கோடு போட்டு, 50 கிலோமீட்டர் வேகத்தில் வந்து, கோட்டில் முன் பிரேக்கை மட்டும் பிடித்து, நின்ற இடம்வரை அளந்தேன். பழைய பிரேக்கை இதே இடத்தில் முன்பே அளந்து வைத்திருந்தேன்: 26 மீட்டர். புதிய பிளேட்டில் 24 மீட்டர்.

இரண்டே மீட்டர்! அதுவும் லீவரில் ஒரு துடிப்போடு. சக்கரம் ஒரு சுற்று சுற்றும்போது ஒருமுறை கவ்வுகிறது, ஒருமுறை விடுகிறது. அன்று முழுக்க மனசு சரியில்லை. நல்ல பொருளாகப் பார்த்து வாங்கியிருந்தேன், பொருத்தியதிலும் பிழை தெரியவில்லை.

சக்கரத்தைத் திரும்பக் கழற்றி, டிரம்மின் உட்சுவரில் சுண்ணாம்புக் கட்டியால் மெல்லிய பூச்சு கொடுத்து, மூடி, லீவரை லேசாகப் பிடித்துக்கொண்டு சக்கரத்தைக் கையால் சில சுற்று சுற்றிவிட்டுத் திறந்து பார்த்தேன். லைனரில் வெள்ளை ஒட்டியிருந்த இடம் ஒவ்வொரு ஷூவிலும் நடுவே இரண்டு விரல் அகலம்தான். மீதி லைனர் டிரம்மைத் தொடவே இல்லை. ஷூவின் வளைவு டிரம்மின் வளைவைவிடக் கொஞ்சம் குறுகலாக இருந்தது. இரட்டை லீடிங் ஷூ வாங்கியும், என்னிடம் வேலை செய்தது இரண்டு சிறு துண்டு லைனர் மட்டுமே.

அப்புறம் டயல் கேஜ் வைத்து டிரம்மை அளந்தேன். சக்கரத்தை அதன் பேரிங்கிலேயே சுழற்றி, கேஜின் முனையை டிரம்மின் உட்சுவரில் வைத்தால் முள் 0.4 மில்லிமீட்டர் ஆடியது. டிரம் வட்டமாக இல்லை, லேசான முட்டை வடிவம். துடிப்புக்குக் காரணம் இதுதான். இன்னொரு விளைவும் உண்டு. முட்டை வடிவ டிரம்மில் ஷூ எங்கேயும் உரசாமல் இருக்க வேண்டுமென்றால் இடைவெளியை மிகக் குறுகலான இடத்துக்கு ஏற்ப அதிகமாக வைக்க வேண்டும். அந்த இடைவெளியைக் கடக்கவே லீவரின் பாதி ஓட்டம் செலவாகிவிடுகிறது. லீவர் கைப்பிடியைத் தொட்டதற்கும் இங்கேதான் விடை இருந்தது.

டிரம்மைக் கடைய வேண்டும் என்று புரிந்ததும் ஸ்போக்குகளைப் பிரித்து ஹப்பை மட்டும் லேத்துக்கு எடுத்துப்போக நினைத்தேன். கடைசல் வேலையில் தலை நரைத்த பெரியவர் ஒருவரிடம் போனில் கேட்டேன். "தம்பி, ஹப்பைத் தனியாக் கொண்டுவராதீங்க. சக்கரத்தைக் கட்டி, கோட்டம் எடுத்து, ஸ்போக்கெல்லாம் முறுக்கி முடிச்சுட்டு முழுசாக் கொண்டுவாங்க. தனியாக் கடைஞ்சு வட்டமாக்கினாலும் ஸ்போக் இழுக்கிற இழுப்புல திரும்பவும் கோணிக்கும்" என்றார். அந்த ஒரு வார்த்தை இந்த வேலையைக் காப்பாற்றியது. 40 ஸ்போக்கும் ஹப்பின் விளிம்பைச் சுற்றிலும் இழுத்துக்கொண்டிருக்கின்றன. அந்த இழுப்பு ஓரிடத்தில் கூடி ஓரிடத்தில் குறைந்தால் டிரம்மின் மெல்லிய சுவர் அதற்குத் தகுந்தபடி வளையும்.

தளர்ந்திருந்த ஸ்போக்குகளை ஒரே சீராக முறுக்கினேன். சின்ன ஸ்பேனரால் தட்டினால் எல்லாம் ஏறக்குறைய ஒரே சுரத்தில் ஒலிக்க வேண்டும், மந்தமாக ஒலிப்பது தளர்ந்தது. ரிம்மின் பக்கவாட்டுக் கோட்டமும் ஏற்ற இறக்கமும் எடுத்த பிறகு டிரம்மின் ஆட்டம் 0.4இலிருந்து 0.3க்கு வந்தது. ஸ்போக்கை முறுக்கியதிலேயே டிரம்மின் வடிவம் மாறியதைக் கேஜில் பார்த்தபோதுதான் பெரியவர் சொன்னதன் முழு அர்த்தம் புரிந்தது.

சக்கரத்தை ரிம்மோடு சுழற்ற இடமுள்ள பெரிய லேத் வேண்டும். என்னுடையது 19 அங்குலச் சக்கரம், டயரைக் கழற்றிய பிறகும் மையத்திலிருந்து 26 சென்டிமீட்டருக்கு மேல் இடம் கேட்டது. பெரியவர் பேரிங் உட்காரும் துளையை மையமாக வைத்துப் பிடித்தார். அதுதான் சரியான முறை, ஏனென்றால் சாலையில் சக்கரம் சுற்றப்போவது அந்த மையத்தில்தான். மெதுவான சுழற்சியில் மிக மெல்லிய வெட்டுகள். முதல் வெட்டில் கத்தி ஒரு பக்கம் உரசியது, மறுபக்கம் காற்றில் போனது. நான்காவது வெட்டில் சுற்றிலும் ஒரே பளபளப்பு வந்தது. உள்விட்டம் 203.9, ஆட்டம் 0.03. சுவரின் கனம் இதைத் தாங்கும் என்று முன்பே அளந்து உறுதி செய்துகொண்டோம். மெலிந்துபோன டிரம்மைக் கடையக் கூடாது, அது விரிசல் விடும்.

டிரம் பெரிதாகிவிட்டதால் பெட்டியோடு வந்த லைனர் இப்போது இன்னும் குறுகலாகிவிட்டது. ஷூக்களில் ஆஸ்பெஸ்டாஸ் இல்லாத, கொஞ்சம் மென்மையான, கூடுதல் கனமுள்ள லைனரை ஒட்டவைத்து வாங்கினேன். மென்மையானது சீக்கிரம் தேயும். ஆனால் குளிர்ந்திருக்கும்போதே நன்றாகப் பிடிக்கும். வருஷத்துக்குச் சில ஆயிரம் கிலோமீட்டர் ஓடும் பழைய வண்டிக்கு அதுதான் பொருத்தம் என்பது என் கருத்து. கடினமான லைனரை இந்த வண்டிகளில் போட்டுவிட்டுப் பிரேக் மரக்கட்டை போல இருக்கிறது என்று வருந்துபவர்களைப் பார்த்திருக்கிறேன்.

பிறகு ஷூக்களைப் பிளேட்டிலேயே பொருத்தி, பிளேட்டை லேத்தில் பிடித்து, லைனரின் வெளிப்பரப்பைக் கடைந்தோம். இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. ஷூக்கள் மூடிய நிலையில் கடைந்தால், கேம் விரிக்கும்போது வளைவு மாறிவிடும். அதனால் ஒவ்வொரு கேமுக்கும் ஷூவுக்கும் நடுவே அரை மில்லிமீட்டர் தகடு செருகி, ஷூக்களைப் பிரேக் பிடித்த நிலைக்கு விரித்து வைத்து, டிரம்மின் விட்டத்தைவிட 0.2 குறைவாகக் கடைந்தோம். தகட்டை எடுத்ததும் ஷூக்கள் உள்ளே ஒதுங்கி இடைவெளி கிடைத்துவிடும். விரியும்போது முழு வளைவும் ஒரே சமயத்தில் டிரம்மைத் தொடும். லைனரின் முன்விளிம்பை அரத்தால் சரித்து விட்டேன், ஒரு சென்டிமீட்டர் நீளத்துக்கு. லீடிங் ஷூவின் கூர்மையான விளிம்பு டிரம்மைக் கொத்தினால் சக்கரம் திடீரென்று பூட்டிக்கொள்ளும்.

சுண்ணாம்புச் சோதனையை மறுபடி செய்தேன். இம்முறை லைனரின் முக்கால் பரப்பு வெள்ளை.

இரட்டை லீடிங் ஷூவில் எல்லோரும் தவறவிடுவது இணைப்புக் கம்பி. கேபிள் ஒரு கேமின் கையை இழுக்கும், அந்தக் கை கம்பி வழியாக இரண்டாவது கேமை இழுக்கும். கம்பியின் நீளம் ஒரு சுற்று தவறினாலும் ஒரு ஷூ முதலில் தொட்டு நின்றுவிடும், மற்றது சும்மா இருக்கும். பழைய ஒற்றை லீடிங் ஷூவே மேல் என்ற நிலை வந்துவிடும். நான் செய்த விதம்: கம்பியின் ஒரு முனையிலுள்ள பின்னைக் கழற்றிவிட்டு, இரண்டு கேமையும் தனித்தனியே கையால் திருப்பி, ஷூ டிரம்மைத் தொட்டு நிற்கும் இடத்தில் பிடித்துக்கொண்டேன். அந்த நிலையில் கம்பியின் மரையைத் திருகி, பின் எந்த இழுப்பும் இல்லாமல் தானாக வழுக்கி உள்ளே போகும் நீளத்துக்குக் கொண்டுவந்தேன். அப்புறம் லாக் நட், பின்னுக்குப் புது ஸ்பிளிட் பின். இரண்டு கைகளும் பிரேக் பிடிக்கும் கணத்தில் கேபிளுக்கும் கம்பிக்கும் செங்குத்தாக நிற்கின்றனவா என்றும் பார்க்க வேண்டும். 90 டிகிரியில்தான் இழுப்பு முழுமையாகக் கேமுக்குப் போகும். ஒரு கை சாய்ந்து நின்றதால் அதன் பல்வரிசையில் ஒரு பல் தள்ளிப் பொருத்தினேன்.

டிரம் வட்டமாகி, இடைவெளியும் சிறிதானதால் எனக்கு இன்னொரு வாய்ப்பு கிடைத்தது. என் வண்டியின் லீவரில் சுழலும் அச்சுக்கும் கேபிள் முனையிலுள்ள குண்டு உட்காரும் துளைக்கும் உள்ள தூரம் 27 மில்லிமீட்டர். பிரிட்டிஷ் வண்டிகளுக்கு 22 மில்லிமீட்டர் லீவரும் உண்டு. தூரம் குறைந்தால் கேபிள் இழுபடும் நீளம் குறையும், ஆனால் அதே கைவிசைக்கு இழுப்பு ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கூடும். முட்டை வடிவ டிரம்மில் இதைப் போட்டிருந்தால் ஷூ டிரம்மைத் தொடுவதற்குள் லீவர் கைப்பிடியை முட்டியிருக்கும். இப்போது தாராளமாகப் போட முடிந்தது.

கேபிளையும் கனமான கம்பியாக, உள்ளே நைலான் குழாய் உள்ளதாக, நானே செய்தேன். குண்டை ஈயம் பற்றவைப்பதற்கு முன் கம்பியின் இழைகளைப் பூப்போல விரித்து, குண்டின் பள்ளத்துக்குள் இறக்கி, பிறகு ஈயத்தை ஓடவிட வேண்டும். விரிக்காமல் பற்றவைத்த குண்டு அவசரத்தில் ஓங்கிப் பிடிக்கும்போது கழன்று வந்துவிடும். முடித்ததும் ஒரு முனையை உத்தரத்தில் மாட்டி, மறுமுனையில் என் முழு எடையையும் போட்டுத் தொங்கிப் பார்த்தேன். கேபிளின் வெளி உறை எங்கும் கூர்மையாக வளையாமல் பெரிய வளைவாகப் போகும்படி வழி மாற்றினேன். லீவரில் இருந்த பஞ்சுத்தன்மையில் பாதி அதிலேயே போய்விட்டது.

இனிச் சொல்வதைத் தயவுசெய்து கவனமாகப் படியுங்கள். பிரேக் பிடிக்கும்போது பிளேட் டிரம்மோடு சேர்ந்து சுழலப் பார்க்கும். அதைத் தடுப்பது ஃபோர்க்கில் அதை நிறுத்தியிருக்கும் ஒரே ஒரு இணைப்பு. 250 கிலோ எடையைப் புவியீர்ப்பு முடுக்கத்தின் 0.6 மடங்கு வேகக்குறைப்பில் முன் பிரேக் மட்டுமே நிறுத்தினால் சாலையில் 1,470 நியூட்டன் விசை. டயரின் ஆரம் 33 சென்டிமீட்டர், பிளேட்டை நிறுத்தும் இடம் ஆக்சிலிலிருந்து 10 சென்டிமீட்டர். கணக்குப் போட்டால் அந்த ஒரு இணைப்பில் கிட்டத்தட்ட அரை டன் விசை வருகிறது. அது விட்டுப்போனால் பிளேட் சுற்றிக்கொண்டு கேபிளை இழுத்து, சக்கரத்தைப் பூட்டி, ஓட்டுபவரைத் தூக்கி எறியும். என் ஃபோர்க்கில் அந்த இடத்தில் புதிய பிளேட் ஒன்றரை மில்லிமீட்டர் ஆடியது. ஆட்டத்தோடு ஓட்டினால் ஒவ்வொரு முறையும் சுத்தியலால் அடிப்பது போல. எஃகில் ஒரு புஷ் கடைந்து, இடைவெளி இல்லாமல் இறக்கி, உயர்தர போல்ட்டும் நைலாக் நட்டும் போட்டேன். பிரேக்கின் பலத்தைக் கூட்டுகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது. நான் கடைசியில் பார்த்தேன், அப்படிச் செய்திருக்கக் கூடாது.

பூட்டும்போது ஆக்சில் நட்டைத் தளர்வாக விட்டு, சக்கரத்தைச் சுழற்றி, பிரேக்கை ஓங்கிப் பிடித்து, பிடித்தபடியே நட்டை முறுக்கினேன். ஷூக்கள் பிளேட்டை டிரம்மின் மையத்துக்குத் தாமாகவே கொண்டுவந்துவிடும். ஒரு நிமிட வேலை, வித்தியாசம் பெரிது.

புது லைனரைப் பழக்க, 50 கிலோமீட்டரிலிருந்து 15 வரை மிதமாகப் பிடித்து விட்டு, ஒரு கிலோமீட்டர் ஆறவிட்டு, மறுபடி. சுமார் 30 முறை. ஓங்கிப் பிடித்து நிறுத்தி அப்படியே நிற்கக் கூடாது. பிறகு அதே சுண்ணாம்புக் கோட்டுக்கு வந்தேன். மூன்று முறை அளந்தேன்: 17, 16.5, 16.5. இரண்டு விரல் போதுமானதாக இருந்தது. டயர் லேசாக முனகியது. துடிப்பு இல்லை.

குறைகளும் உண்டு. இரண்டு ஷூவும் முன்னோக்கி லீடிங் என்றால் பின்னோக்கி இரண்டுமே டிரெய்லிங். மேட்டில் நிற்கும்போது முன் பிரேக்கை நம்பினால் வண்டி பின்னால் உருளும், பின் பிரேக்கில் கால் இருந்தே ஆக வேண்டும். பனி இறங்கிய காலையில் முதல் இரண்டு மூன்று பிடி கொஞ்சம் முரட்டுத்தனமாக இருக்கும், மெதுவாகப் பிடித்து ஈரத்தை ஓட்டிவிட வேண்டும். நீண்ட இறக்கத்தில் தொடர்ந்து பிடித்தால் டிரம் சூட்டில் விரிந்து ஷூவிலிருந்து விலகும், லீவர் உள்ளே போகும். டிஸ்க் சூடானால் தடித்துப் பேடை நோக்கி வரும், டிரம் எதிர்த்திசையில் போகும், அதன் இயல்பே அது. இறக்கத்தில் கியரைக் குறைத்து இன்ஜினைப் பிடிக்க விடுகிறேன்.

500 கிலோமீட்டர் ஓடியபின் டிரம்மைத் திறந்து பார்த்தேன். இரண்டு லைனரும் விளிம்பிலிருந்து விளிம்புவரை ஒரே சாம்பல் நிறத்தில், ஒரே அளவு தேய்ந்திருந்தன. கேபிள் பக்கத்து ஷூ மட்டும் ஒரு மயிரிழை முன்னதாகத் தொட்டது. இணைப்புக் கம்பியில் அரைச் சுற்று திருகி, லாக் நட்டை முறுக்கி, மூடிவிட்டேன்.